படம் எந்த இடத்தில் நிற்கிறது?

"அண்ணே, டிஸ்ப்ளே வரல." சென்னை ரிட்ச்சி ஸ்ட்ரீட்டுக்கு சிபியு பெட்டியைச் சுமந்து வருபவர்களில் பலர் சொல்வது இவ்வளவுதான். விவரம் தெரிந்த மெக்கானிக் இதைக் கேட்டதும் ஸ்க்ரூ டிரைவரைத் தேட மாட்டார், எதிர்க்கேள்வி போடுவார். ஆன் செய்ததும் கம்பெனி பெயரே வரவில்லையா? விண்டோஸ் வட்டம் சுற்றும்போது இருள்கிறதா? கேம் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போகிறதா? மூன்றும் மூன்று கோளாறுகள். முதல் வகையில் கேபிள், ரேம், கார்டு, ஸ்லாட், மின்சாரம், பயாஸ் இவற்றுக்குள்தான் வில்லங்கம். இரண்டாவதில் டிரைவர்மேல் சந்தேகம் விழும். மூன்றாவதில் சூடும், மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸும் மாட்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் புதுக் கார்டு வாங்கி, அதுவும் அதே பெட்டியில் முரண்டு பிடிப்பதைப் பார்த்து விழிப்பவர்கள் நிறையப் பேர்.

இந்த அத்தியாயம் பழைய கணினி என்று சொல்வது, பெரும்பாலும் 2011-க்கும் 2014-க்கும் இடையில் வந்தவற்றை. இன்டெல் எச்61 சிப்செட் மதர்போர்டு, ஐ3-2100 அல்லது ஐ5-3470 பிராசஸர். அல்லது அலுவலகங்கள் கழித்துக்கட்டி செகண்ட் ஹேண்டாக வெளியே வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 போன்ற ரெடிமேட் பெட்டி. உள்ளே ஜிடி 730, ஜிடிஎக்ஸ் 750 டிஐ, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஏதாவதொரு கார்டு. இன்னும் பல வீடுகளில் பாடம் படிக்கவும், வீடியோ வெட்டி ஒட்டவும், ஞாயிற்றுக்கிழமை கேம் ஆடவும் ஓடிக்கொண்டிருப்பவை இவைதான்.

இந்த வகைப் பெட்டிகளில் ஒரு பெரிய வசதி உண்டு. பிராசஸருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டை முழுவதுமாகக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் விஜிஏ போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். படம் வந்தால் மானிட்டர், கேபிள், ரேம், பிராசஸர் எல்லாம் ஒரே சோதனையில் கழிந்துவிடும். மிச்சம் கார்டும், ஸ்லாட்டும், அவற்றுக்குப் போகும் மின்சாரமும்தான். படம் அப்போதும் வரவில்லை என்றால் கார்டைத் திட்டிப் பயனில்லை. ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். 'கார்டு போச்சு' என்று வரும் பெட்டிகளில் ரேம் சரியாக உட்காராதவையும் சேர்த்தி. ஐ5-750, ஜியான் இ3-1230, ரைசன் 5 1600 போன்ற பிராசஸர்களில் மட்டும் உள்கிராபிக்ஸ் கிடையாது. அவற்றுக்கு நண்பரிடம் வேறொரு கார்டு இரவல் வாங்குவதைத் தவிர வழியில்லை.

ஆன் செய்ததுமே இருட்டு

முதலில் வெட்கமில்லாமல் பார்க்க வேண்டியது, கேபிள் எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை. கார்டு மாட்டியதும் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்த விஜிஏ போர்ட்டை நிறுத்திவிடும். வீட்டைப் பெருக்கும்போது கழன்ற கேபிளை யாரோ மேலே இருக்கும் மதர்போர்டு போர்ட்டில் செருகியிருப்பார்கள். மானிட்டர் 'நோ சிக்னல்' காட்டும். அதே போல மானிட்டர் பட்டனில் விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டில் எது தேர்வாகியிருக்கிறது என்பதும்.

அடுத்தது, விஜிஏ மட்டுமுள்ள பழைய மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கே உரிய தலைவலி. என்விடியா 2016-இல் கொண்டுவந்த 10 வரிசைக் கார்டுகளில் டிவிஐ போர்ட் இருக்கும், ஆனால் அதில் அனலாக் சிக்னல் கிடையாது. முந்தைய கார்டோடு வந்த சின்ன டிவிஐ-விஜிஏ கன்வெர்ட்டர் இதில் உட்காராது. அதன் தட்டையான பின்னைச் சுற்றி நான்கு பொடி பின்கள் இருக்கும். அனலாக் சிக்னல் போவது அவற்றில்தான். புதுக் கார்டில் அந்த நான்கு துளைகளே இல்லை. பின்களை ஒடித்துவிட்டுச் செருகலாம், செருகவும் முடியும், படம் மட்டும் வராது. இதற்கு வேண்டியது உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர். ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கிவந்து, கார்டு டெட் என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

மதர்போர்டில் 'ஸ்பீக்கர்' என்று எழுதிய நான்கு பின்களில் மாட்டும் குட்டி பஸ்ஸர் ஒன்று முன்பு எல்லாக் கேபினெட்டிலும் வரும். இப்போது வருவதில்லை. அதை வாங்கி மாட்டினால் மதர்போர்டு தன் குறையைத் தானே சொல்லும். அவார்டு பயாஸ் என்றால் ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப்; ஏஎம்ஐ பயாஸ் என்றால் எட்டு பீப். இரண்டுமே டிஸ்ப்ளே கோளாறைக் குறிப்பவை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கணக்கு மாறும் என்பதால் மதர்போர்டு கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிறகுதான் கழற்றுவது. சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, சிபியு பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட வேண்டும். கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால், உடம்பிலுள்ள ஸ்டேட்டிக் கார்டுக்குள் பாயாது. கார்டின் பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றியதும் இழுக்கக் கூடாது. ஸ்லாட்டின் உள்முனையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது. கார்டின் வயிற்றுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அதை ஒரு மரக்குச்சியால் அமுக்கிப் பிடித்தபடி கார்டை நேராக மேலே தூக்க வேண்டும். அவசரப்பட்டு ஆட்டி இழுத்தால் கொக்கி ஒடியும், சில நேரம் ஸ்லாட்டே பெயர்ந்து வரும்.

வெளியே வந்த கார்டின் அடியில் தங்க நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பட்டு, அவை பழுப்போடி மங்கியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளை ரப்பரால், பட்டைகளின் நீளவாக்கில், அழுத்தாமல் நாலைந்து முறை இழுத்தால் போதும். குறுக்கே தேய்த்தால் ஓரப் பட்டை உரியும். மை அழிக்கும் நீல ரப்பர் வேண்டாம், அது உப்புத்தாள் மாதிரி முலாமையே சுரண்டிவிடும். ரப்பர் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். ஸ்லாட்டுக்குள் பிளோயர் காற்று மட்டும். ரப்பரோ, பிரஷ்ஷோ, ஊசியோ போகக் கூடாது. கார்டு உட்காரும்போது கொக்கி 'டக்' என்று பூட்டும். சத்தம் கேட்காவிட்டால் இன்னும் உட்காரவில்லை. பெரிய ஃபேன் வைத்த கார்டு தன் எடையிலேயே ஒரு பக்கம் தொங்கி, மறுமுனையில் தொடர்பு விட்டுப்போவதும் உண்டு. பெட்டியைப் படுக்க வைத்து ஆன் செய்து பார்த்தால் இது வெளிச்சமாகிவிடும்.

மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால் பயாஸ் ஒவ்வொரு முறையும் ஆதி நிலைக்குத் திரும்பும். 'பிரைமரி டிஸ்ப்ளே' என்ற அமைப்பு கார்டை விட்டு உள்கிராபிக்ஸுக்குத் தாவலாம். கடிகாரம் தப்பாகக் காட்டுவது இதற்கு முன்னறிவிப்பு. 3 வோல்ட் பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

கார்டுக்கும் மதர்போர்டுக்கும் தலைமுறை இடைவெளி இருந்தாலும் படம் வராது. 2012-க்கு முந்தைய கார்டுகள் பெரும்பாலானவற்றில் யுஇஎஃப்ஐ என்ற புதிய பயாஸ் முறைக்கான நிரல் இல்லை. மதர்போர்டு பயாஸில் 'சிஎஸ்எம்' என்ற பழைய முறை ஆதரவை அணைத்து வைத்திருந்தால், கார்டு நன்றாக இருந்தும் திரை கறுப்பாகவே நிற்கும். உள்கிராபிக்ஸ் வழியாக பயாஸுக்குள் போய் அதை 'எனேபிள்' செய்தால் சரியாகும். தலைகீழ் நிலைமையும் உண்டு: பழைய பயாஸ், புதுக் கார்டு. அங்கே மதர்போர்டு நிறுவனம் கடைசியாக வெளியிட்ட பயாஸை ஏற்றிப் பார்க்கலாம். ஏற்றும்போது கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடாமலிருப்பதே புத்திசாலித்தனம்.

எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படிப்பது

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். கார்டின் ஓரத்தில் 6 பின் இணைப்பு இருந்தால் அது இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். ஜிடிஎக்ஸ் 750 டிஐ-க்கு 60 வாட் போதும், 1050 டிஐ-க்கு 75. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்எக்ஸ் 570 வாங்கினால் 150 வாட், ஆர்எக்ஸ் 580 என்றால் 185.

எஸ்எம்பிஎஸ் பெட்டிமேல் பெரிய எழுத்தில் '450' என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது 12 வோல்ட் தடத்தை மட்டும். லேபிளிலுள்ள பொடி எழுத்து அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். அங்கே 14 என்று இருந்தால், 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட். அவ்வளவுதான் நிஜம். ஐ5-3470 மட்டும் முழு வேகத்தில் 77 வாட் வரை கேட்கும். மிச்சத்தில் ஆர்எக்ஸ் 570 எப்படி ஓடும்? கேம் தொடங்கியதும் கணினியே ரீஸ்டார்ட் ஆகும். பழி கார்டுமேல் விழும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர் நான்கு பின் பிளக்கின் மஞ்சள், கறுப்பு ஒயர்களில் அளந்து பார்க்கலாம். 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்கலாம் என்பது ஏடிஎக்ஸ் விதி. சும்மா இருக்கும்போது 12.1 காட்டிவிட்டு, கேம் ஓடும்போது 11.3-க்கு இறங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

6 பின் ஒயர் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கடைகளில் ஒரு குறுக்குவழி விற்பார்கள்: ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் பிளக்கிலிருந்து 6 பின்னாக மாற்றும் ஒயர். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக மொத்தம் 54 வாட்தான். அதிலிருந்து 75 வாட் இழுத்தால் பிளக் உருகும். இந்த ஒயரைக் கையில் எடுக்காமலே கடையை விட்டு வெளியேறலாம்.

விண்டோஸ் வந்த பிறகு

கம்பெனி பெயர் தெளிவாக வருகிறது, விண்டோஸ் உள்ளே நுழையும்போது திரை போகிறது என்றால், அது டிரைவர் ஏறும் நேரம். முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்திப் பார்க்கலாம். விண்டோஸ் 10-இல் இது கிராபிக்ஸ் டிரைவரைத் தட்டி எழுப்பும். அதற்கும் மசியாவிட்டால் சேஃப் மோடு. அங்கே படம் நன்றாக வந்ததும் 'கார்டு ஓகே, டிரைவர்தான்' என்று முடிவுகட்டிவிடுபவர்கள் அதிகம். பாதிதான் உண்மை. சேஃப் மோடில் மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவர் கார்டிடம் அதிகம் வேலையே வாங்குவதில்லை. பழுதான கார்டும் அங்கே நல்ல பிள்ளையாக நடிக்கும்.

சேஃப் மோடிலேயே 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரின் மிச்சங்களைத் துடைத்து எடுக்க வேண்டும். ஏஎம்டி கார்டு இருந்த இடத்தில் என்விடியா மாட்டியவர்களுக்கு இது கட்டாயம். இந்த வேலை முடியும்வரை இணைய இணைப்பைத் துண்டித்து வைப்பது அவசியம். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரைக் கொண்டுவந்து ஏற்றிவிடும்.

எந்த டிரைவரை ஏற்றுவது என்பதில்தான் பழைய கார்டுக்காரர்கள் சறுக்குகிறார்கள். புதியது எப்போதும் நல்லது என்ற நியாயம் இங்கே செல்லாது. என்விடியாவின் ஃபெர்மி என்ற சிப் தலைமுறைக்குக் கடைசியாக வந்த விண்டோஸ் டிரைவர் 391.35, 2018-இல் வெளியானது. கெப்ளர் தலைமுறை 470 வரிசையோடு நின்றது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு முடிந்தன. 750 டிஐ-யின் மேக்ஸ்வெல்லும் 1050 டிஐ-யின் பாஸ்கலும் 580 வரிசையோடு நிற்கின்றன. ஏஎம்டி 2021 ஜூனில் ரேடியான் எச்டி 7000, ஆர்9 200, 300 வரிசைகளை ஓய்வுக்கு அனுப்பியது. ஜிடி 730 ஒரு தனி வேடிக்கை: ஒரே பெயரில் ஃபெர்மி சிப்பும் விற்றது, கெப்ளர் சிப்பும் விற்றது. ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்தால், சிப் பெயர் ஜிஎஃப்108 என்றிருந்தால் ஃபெர்மி, ஜிகே208 என்றிருந்தால் கெப்ளர். அதைப் பார்க்காமல் டிரைவர் இறக்குவது வீண் வேலை.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் 'கோடு 43' என்ற செய்தியும் இருந்தால், கார்டு தானே கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். சுத்தமாக டிரைவர் ஏற்றிய பிறகும் 43 போகவில்லையென்றால் கார்டுக்குள் பழுது இருக்க வாய்ப்பு மிக அதிகம். அல்லது கார்டே போலியாக இருக்கலாம். 2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளின் பயாஸை மாற்றி எழுதி, 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்று பெயர் காட்டும்படி செய்து ஆன்லைனில் விற்ற கும்பல்கள் உண்டு. நிறுவனத் தளத்தின் டிரைவரை ஏற்றியதும் குட்டு உடையும். 2018-இலிருந்து ஜிபியு-இசட் இத்தகைய கார்டுகளின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே போட்டுக் காட்டுகிறது.

ஓடும்போது போவது

கேமின் நடுவே திரை ஒரு நொடி கறுத்து, திரும்பி வந்து, 'டிஸ்ப்ளே டிரைவர் பதில் தரவில்லை, மீண்டது' என்று செய்தி வருகிறதா? கார்டு இரண்டு விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை உலுக்கி எழுப்பும். விஸ்டா காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு. ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு இது பதிவாகும். எப்போதாவது ஒன்று வந்தால் விட்டுவிடலாம். தினமும் வந்தால் காரணம் தேட வேண்டும்.

தேடும் வழி எளிது. ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்து, வெப்பநிலையைக் கோப்பில் பதியவிட்டு, கேமைத் தொடங்க வேண்டும். சூடு 90 டிகிரியைத் தொட்டு, படம் திக்கித் திணறி, பிறகு போனால் ஃபேனும் பேஸ்ட்டும். 60 டிகிரியில் இருக்கும்போதே கணினி மொத்தமாக ரீஸ்டார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ். திரை மட்டும் போய்ப் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தால் கார்டு அல்லது டிரைவர்.

சூட்டுக்கு மருந்து பெரும்பாலும் தூசி தட்டுவதுதான். பிளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் தேயும். பல வருடம் ஓடிய கார்டில் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் இடையிலுள்ள பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஹீட் சிங்கின் நான்கு ஸ்ப்ரிங் ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, பழையதை ஆல்கஹாலால் துடைத்து, ஓர் உளுந்தளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். மெமரி சிப்கள்மேல் ரப்பர் மாதிரிப் பட்டைகள் இருந்தால் அவற்றைத் தூக்கிப்போடாமல் அதே இடத்தில் வைக்க வேண்டும். அவற்றுக்குப் பதில் பேஸ்ட் தடவினால் இடைவெளி நிரம்பாது.

கம்பெனி பெயர் வரும் திரையிலேயே வண்ணக் கோடுகளும் கட்டங்களும் தெரிந்தால் டிரைவருக்கு அதில் பங்கில்லை, அப்போது டிரைவரே ஏறியிருக்காது. வேறு கேபிளிலும் அதே கோடுகள் என்றால் கார்டின் மெமரியோ சிப்போ பழுது. ஓவனில் வைத்துச் சுட்டால் சரியாகும் என்ற வைத்தியம் இங்கேதான் தலைகாட்டும். அதற்கு ஒரு பின்கதை உண்டு. 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப்புகளுக்கான சில சிப்களில் பேக்கேஜ் பொருளின் பலவீனத்தால் பழுது வருவதாகச் சொல்லி 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்குள்ளே இருக்கும் நுண்ணிய சால்டர் புள்ளிகள் விரிசல் விட்டன. மறுபடி சூடாக்கினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டும், கொஞ்ச நாளில் பிரியும். சில கடைகளில் ஹீட் கன் வைத்துச் செய்வதும் இதையேதான். சமையல் ஓவனில் இதைச் செய்தால் சால்டர், பிளாஸ்டிக் புகை ஓவனுக்குள் படியும்; அடுத்து அதில் கேக் சுடுவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

செய்யத்தக்க ரிப்பேர் ஒன்று இருக்கிறது: கெபாசிட்டர். கார்டிலோ மதர்போர்டிலோ, சின்ன டிரம் மாதிரி நிற்கும் கெபாசிட்டர்களின் தலையில் கீறிய குறி இருக்கும். தலை தட்டையாக இருந்தால் சரி. உப்பியிருந்தாலோ பழுப்புத் திரவம் கசிந்திருந்தாலோ அது போய்விட்டது. 2000-களின் தொடக்கத்தில் வந்த மதர்போர்டுகளில் இது ஊரறிந்த கதை. டெல் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 இதனாலேயே பெயர் கெட்டது. சால்டரிங் தெரிந்தவர் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதைப் போட்டால் கார்டு பிழைக்கும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

ஒல்லியான ஆப்டிபிளெக்ஸ் 7010 பெட்டிக்கு உயரம் குறைந்த கார்டும் அதற்கேற்ற குட்டை பிராக்கெட்டும் வேண்டும். அதன் எஸ்எம்பிஎஸ் 240 வாட்தான், 6 பின் இணைப்பும் கிடையாது. இன்டெல் ஆர்க் கார்டுகள் இந்தத் தலைமுறை மதர்போர்டுகளுக்குத் தோதானவை அல்ல. கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகவிடும் 'ரீசைசபிள் பார்' வசதி இல்லாத இடத்தில் அவற்றின் வேகம் படுத்துவிடும். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் பார்க்க நீள ஸ்லாட் கார்டுகள், ஆனால் பயன்படுத்துவது ஸ்லாட்டின் நான்கு தரவுத் தடங்களை மட்டும். இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 வைத்த எச்61-இல் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 வேகத்தில்தான் ஓடும் என்பதால் நஷ்டம் இன்னும் கூடும்.

கிரிப்டோ மைனிங்கில் ஓடிய ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகளை வாங்கினால் பயாஸ் மாற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். மெமரி வேகத்தைக் கூட்டி எழுதிய பயாஸோடு வந்தால், அசல் பயாஸைத் திரும்ப எழுதும்வரை டிரைவர் ஏறாமல் அடம்பிடிக்கலாம். ஜிடி 1030 வாங்குபவர் அட்டைப்பெட்டியில் மெமரி வகையைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது: ஜிடிடிஆர்5 வைத்த கார்டின் மெமரி விநாடிக்கு 48 ஜிகாபைட் நகர்த்தும், 2018-இல் அதே பெயரில் வந்த டிடிஆர்4 கார்டு நகர்த்துவது 16.8 ஜிகாபைட்.